நூல் துணியாவது எப்படி? தறிச்சத்தத்துக்குள் நடக்கும் மூன்று வேலைகள்

"திருப்பூர்ல பனியன் நெய்யறாங்க" என்று நன்றாகப் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். திருப்பூரில் பனியன் நெய்யப்படுவதில்லை, பின்னப்படுகிறது. இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு இயந்திரம், கையில் கிடைக்கும் துணியின் குணமும் வேறு. இதேபோல "விசைத்தறின்னா பாலியஸ்டர், கைத்தறின்னா காட்டன்" என்று கடைக்காரரே சொல்வதும் உண்டு. "மெஷின்ல இந்தப் பக்கம் நூலைப் போட்டா அந்தப் பக்கம் துணி வந்துரும்" என்று நினைப்பவர்கள் அதைவிட அதிகம்.

நான் வளர்ந்தது சோமனூர் பக்கம். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி ஓடும். மற்றவர்களுக்குச் சத்தம் வந்தால் தூக்கம் கலையும், எங்களுக்கு அது நின்றால் கலையும். அந்தச் சத்தத்துக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே பல வருடம் தெரியாது. ஒருநாள் தறியை மோட்டார் இல்லாமல், கையால் மெதுவாகச் சுற்றிக் காட்டினார்கள். அப்போதுதான் புரிந்தது, எவ்வளவு எளிமையான விஷயத்தை எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்று. அதே மாதிரி மெதுவாகச் சுற்றிக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கட்டிலைப் பாருங்கள்

நாடாக் கட்டில் பார்த்திருப்பீர்கள். சட்டத்தின் நீளவாக்கில் பட்டைகளை இழுத்து இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்புறம் குறுக்கே ஒரு பட்டையை எடுத்து, முதல் பட்டைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே, அதற்கடுத்ததற்கு மேலே என்று நுழைத்துக்கொண்டே போவார்கள். அடுத்த வரிசையில் அப்படியே மாற்றி, முன்பு மேலே போன இடத்தில் கீழே, கீழே போன இடத்தில் மேலே. இவ்வளவுதான் நெசவு. உங்கள் வேட்டி, ஜீன்ஸ், பெட்ஷீட், பட்டுச்சேலை எல்லாமே அடிப்படையில் இந்தக் கட்டில்தான். பட்டைக்குப் பதில் நூல், அவ்வளவுதான் மாற்றம்.

நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்களுக்குப் பெயர் பாவு. குறுக்கே ஓடும் நூலுக்குப் பெயர் ஊடை. இந்த இரண்டு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் இதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

துணியில் பசை கிடையாது, முடிச்சு கிடையாது. பிறகு எது பிடித்து வைத்திருக்கிறது? உரசல்தான். ஒவ்வொரு நூலும் மேலும் கீழுமாக வளைந்து போவதால் ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு நூல்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கின்றன. ஒரு சதுர அங்குலத்தில் இப்படி ஆயிரக்கணக்கான சந்திப்புகள். ஒவ்வொன்றின் பிடியும் சின்னதுதான், ஆனால் கூட்டினால் நீங்கள் முழு பலத்தோடு இழுத்தாலும் வேட்டி கிழியாத அளவுக்கு வந்துவிடுகிறது.

பின்னல் ஏன் நெசவு இல்லை

அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலை நினைத்துப் பாருங்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் பிரிந்து வந்துவிடும். காரணம், அது ஒரே நூல், ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம் என்று கோத்துக்கொண்டே போயிருக்கிறது. பனியன் துணியும் இதே குடும்பம்தான். வட்டமான இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கொக்கி ஊசிகள் நூலை வளையமாக இழுத்து, பழைய வளையத்துக்குள் புதிய வளையத்தை நுழைத்து, குழாய் மாதிரி துணியை இறக்கிக்கொண்டே இருக்கும். அங்கே பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது.

வளையம் என்பதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். உள்ளாடைக்கும் டி-ஷர்ட்டுக்கும் அதுதான் வேண்டும். நெய்த துணியில் நூல் ஏறக்குறைய நேராக ஓடுகிறது, அதனால் அவ்வளவு நீளாது. சட்டைக்கும் வேட்டிக்கும் அதுதான் வேண்டும். இதில் குழப்பம் வருவதற்குப் பேச்சு வழக்கும் ஒரு காரணம். கட்டில் பின்னுகிறோம், பாய் பின்னுகிறோம் என்றுதான் நாம் சொல்கிறோம். தொழில் கணக்கில் கட்டில் நெசவு, பனியன்தான் பின்னல்.

இதுவரை சொன்னது: நெசவு என்றால் நேர்நூல் பாவும் குறுக்குநூல் ஊடையும் மேல் கீழாகக் கோத்துக்கொள்வது. பின்னல் என்றால் வளையத்துக்குள் வளையம். இனி நெசவு மட்டும்.

ஒவ்வொன்றாக நுழைத்தால் விடியாது

கட்டிலில் இருபது முப்பது பட்டைதான். கையாலேயே மேலே கீழே என்று நுழைத்துவிடலாம். ஐம்பது அங்குல அகலத் துணியில், அங்குலத்துக்கு 60 பாவு நூல் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 3,000 நூல். ஒரே ஒரு ஊடையைக் கையால் நுழைக்கவே மணிக்கணக்கில் ஆகிவிடும். அங்குலத்துக்கு அப்படி 52 ஊடை வேண்டும்.

இந்த இடத்தில்தான் மனிதர்கள் ஒரு அற்புதமான வேலை செய்தார்கள். யார் முதலில் யோசித்தார் என்று பெயர் சொல்ல முடியாத அளவுக்குப் பழைய யோசனை. ஒற்றைப்படை நூல்களை எல்லாம் ஒரு சட்டத்தில் கட்டு, இரட்டைப்படை நூல்களை எல்லாம் இன்னொரு சட்டத்தில் கட்டு. முதல் சட்டத்தைத் தூக்கினால் 1,500 நூல் ஒரே நேரத்தில் மேலே போகும், மீதி 1,500 கீழே நிற்கும். நடுவில் அகலம் முழுவதும் ஒரு சந்து திறக்கும். அந்தச் சந்துக்குள் ஊடையை ஒரே வீச்சில் விட்டுவிடலாம். அடுத்தது, இரண்டாவது சட்டத்தைத் தூக்கு, முதலாவதை இறக்கு. இப்போது மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. கட்டில் போடுபவர் விரலால் செய்ததைத் தறி ஒரே தூக்கில் செய்துவிடுகிறது.

அந்தச் சட்டத்தில் நடுவே கண் வைத்த கம்பிகளோ கயிறுகளோ வரிசையாகத் தொங்கும். ஒரு கண்ணுக்கு ஒரு பாவு நூல். இதற்கு விழுது என்று பெயர். கைத்தறியில் விழுதைக் காலால் மிதித்து இயக்குவார்கள், விசைத்தறியில் சக்கரம் அந்த வேலையைச் செய்கிறது.

திற, எறி, அடி

எந்தத் தறியாக இருந்தாலும், தரையில் பள்ளம் வெட்டி உட்கார்ந்து நெய்யும் குழித்தறி ஆகட்டும், கணினி வைத்த புதுத் தறி ஆகட்டும், நடப்பது மூன்றே வேலை.

முதல் வேலை திறப்பது. விழுது ஏறி இறங்கிப் பாவில் சந்து திறக்கிறது.

இரண்டாவது எறிவது. திறந்த சந்துக்குள் ஊடையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அனுப்புகிறது. சாதாரணத் தறியில் இதைச் செய்வது நாடா. கட்டில் நாடா இல்லை. படகு மாதிரி இரு முனையும் கூராக, வயிறு குடைந்த கனமான மரக்கட்டை. குடைந்த இடத்தில் ஊடை நூல் சுற்றிய ஒரு குச்சி இருக்கும், அதற்குத் தார் என்று பெயர். நாடா ஓட ஓட, தாரிலிருந்து நூல் அவிழ்ந்து பின்னால் படுத்துக்கொண்டே போகும்.

மூன்றாவது அடிப்பது. ஊடை சந்துக்குள் போய்விட்டது, ஆனால் துணியை விட்டு நாலைந்து அங்குலம் தள்ளித் தளர்வாகக் கிடக்கிறது. அதைத் துணியோடு சேர்த்து நெருக்க வேண்டும். அதற்கு மெல்லிய எஃகுக் கம்பிகளை நெருக்கமாக வைத்த, மேலும் கீழும் மூடிய சீப்பு மாதிரி ஒன்று இருக்கிறது. நெசவாளர்கள் அதை அச்சு என்பார்கள், விசைத்தறிக்காரர்கள் ரீட் என்றும் சொல்வார்கள். பாவு நூல்கள் எல்லாம் அந்தச் சீப்பின் பற்களுக்கு நடுவேதான் வருகின்றன. அச்சு முன்னால் வந்து ஒரு அடி அடித்தால் ஊடை போய்த் துணியோடு ஒட்டிக்கொள்ளும். பத்தமடையில் பாய் நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே நூல் பாவு, கோரை ஊடை. ஒரு கோரையை நுழைத்ததும் அச்சுக்கட்டையை இழுத்து நெருக்குவார்கள். அதே வேலைதான்.

விசைத்தறி பட்டறைக்கு வெளியே நின்று கேட்கும் சத்தத்தில் பாதிக்கு மேல் இரண்டாவது, மூன்றாவது வேலையின் சத்தம்தான். நாடா பெட்டியில் போய் மோதுவது, அச்சு வந்து அடிப்பது.

மோட்டார் எப்படி இத்தனையும் செய்கிறது

ஜான் கே என்ற இங்கிலாந்துக்காரர் 1733-இல் ஒரு ஏற்பாடு செய்தார். அதற்கு முன் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும், கை எட்டும் அகலத்துக்கு மேல் நெய்ய இரண்டு பேர் வேண்டும். அவர் இரு கரையிலும் பெட்டி வைத்து, ஒரு கயிற்றைச் சுண்டினால் நாடா தானாகப் பாய்ந்து எதிர்ப்பெட்டிக்குப் போகும்படி செய்தார். இன்றும் நம் கைத்தறிகளில் நெசவாளர் கையில் சுண்டும் கயிறு அதன் வழிவந்ததுதான். அப்புறம் 1785-இல் எட்மண்ட் கார்ட்ரைட் என்ற பாதிரியார் தறியை விசையால் ஓட்டக் காப்புரிமை வாங்கினார். அவருடைய முதல் தறி சரியாக ஓடவில்லை. பலர் திருத்தித் திருத்தித்தான் அது உருப்பட்டது.

இன்று நம் ஊரில் ஓடும் சாதாரண விசைத்தறியில் இரண்டு தண்டுகளைக் கவனித்தால் போதும். மேலே இருப்பது மூட்டுத்தண்டு. சைக்கிள் பெடல் மாதிரி வளைந்திருக்கும், ஒரு சுற்றுச் சுற்றினால் அச்சு ஒருமுறை பின்னால் போய் முன்னால் வந்து அடிக்கும். அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு ஊடை. கீழே இருப்பது அடித்தண்டு. அது சரியாகப் பாதி வேகத்தில் சுற்றும். மேல் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரு சுற்று.

ஏன் பாதி? இதுதான் தறியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். விழுதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஊடைக்கு ஒற்றைப்படை மேலே, இரண்டாவது ஊடைக்கு இரட்டைப்படை மேலே, மூன்றாவது ஊடைக்குத் திரும்ப முதல் நிலை. இரண்டு ஊடைக்கு ஒருமுறை கதை திரும்புகிறது. நாடாவும் அப்படித்தான், முதல் ஊடைக்கு இடமிருந்து வலம், அடுத்ததற்கு வலமிருந்து இடம், இரண்டு ஊடைக்கு ஒருமுறை பழைய இடம். ஆக விழுதை இயக்கும் சக்கரமும் நாடாவை அடிக்கும் சக்கரமும் இரண்டு ஊடைக்கு ஒரு சுற்று சுற்றினால் போதும். அவ்விரண்டையும் பாதி வேகத் தண்டில் மாட்டிவிட்டார்கள். தறிக்கு மூளை கிடையாது. "இப்போது எது மேலே, நாடா எந்தப் பக்கம்" என்று அது எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஒன்றுக்கு இரண்டு என்ற பல்சக்கரக் கணக்கே அதன் நினைவு.

வேகத்தையும் கொஞ்சம் பாருங்கள். நிமிடத்துக்கு 150 ஊடை ஓடும் தறி என்றால் ஒரு ஊடைக்கு 0.4 நொடி. அந்த 0.4 நொடி முழுவதும் நாடாவுக்குக் கிடையாது, சந்து திறந்து அச்சு பின்னால் போயிருக்கும் நேரம் மட்டும்தான், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் 1.3 மீட்டரைக் கடக்க வேண்டும். கணக்குப் போட்டால் நொடிக்குப் பத்து மீட்டர், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம். டவுன் பஸ் வேகம். அந்த வேகத்தில் போய், பெட்டிக்குள் அப்படியே நின்று, அடுத்த நொடிக்குள் திரும்பி வர வேண்டும். நிமிடத்துக்கு 150 பாய்ச்சல்.

நாடா அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை என்றால்? பாதியில் சிக்கி நிற்கும்போது அச்சு முன்னால் வந்து அடித்தால், நாடா பாவில் மாட்டி நூற்றுக்கணக்கான நூல்கள் அறுந்துபோகும். அதனால் நாடா பெட்டிக்குள் வந்து ஒரு சிறு நாக்கைத் தள்ளினால் மட்டுமே அச்சு முழுதாக வர வழி விடும்படி ஒரு தடை வைத்திருப்பார்கள். வராவிட்டால் 'டங்' என்று ஒரே அறையோடு தறி நின்றுவிடும். தறி ஓட்டும் அக்காக்கள் பத்துத் தறிக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்தாலும் அந்த 'டங்'குக்கு மட்டும் சட்டென்று திரும்புவார்கள். நாடா வெளியே தெறித்து ஓடுவதும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு மாமாவின் புருவத்தில் இருக்கும் தழும்பு அப்படி வந்தது. கூர்முனையில் உலோகம் பொருத்திய கட்டை அது. தறிப் பக்கவாட்டில் நிற்காதே என்று குழந்தைகளை அதட்டுவது சும்மா இல்லை.

இதுவரை: விழுது பாவில் சந்து திறக்கும், நாடா ஊடையைக் கொண்டுபோகும், அச்சு அடித்து நெருக்கும். மேல் தண்டு ஊடைக்கு ஒரு சுற்று, கீழ்த் தண்டு இரண்டு ஊடைக்கு ஒரு சுற்று.

சத்தம் போடாத இரண்டு வேலைகள்

துணி நெய்ய நெய்ய அதைச் சுருட்டிக்கொள்ள வேண்டும், அதே அளவுக்குப் பின்னாலிருந்து பாவை விட்டுக்கொடுக்க வேண்டும். தறியின் பின்புறம் பாவு சுற்றிய பெரிய உருளை இருக்கும், பீம் என்பார்கள். முன்புறம் துணி சுருளும் உருளை. பாவு எப்போதும் விறைப்பாக நிற்க வேண்டும். தளர்ந்தால் சந்து சரியாகத் திறக்காது, அதிகமாக இறுகினால் நூல் அறுந்துவிடும்.

முன்புற உருளை ஒவ்வோர் ஊடைக்கும் எவ்வளவு நகர்கிறது என்பதுதான் துணியின் நெருக்கம். அங்குலத்துக்கு 52 ஊடை வேண்டுமென்றால் ஒவ்வோர் ஊடைக்கும் ஒரு அங்குலத்தில் 52-இல் ஒரு பங்கு நகர வேண்டும். இதை ஒரு பல்சக்கரம் முடிவு செய்கிறது. அதை மாற்றினால் அங்குலத்துக்கு 52 ஊடை 48 ஆகிவிடும். தொழிலில் அங்குல ஊடையைப் பிக் என்பார்கள். பிக் குறைந்தால் அதே நேரத்தில் அதிக மீட்டர் துணி வரும், ஊடை நூலும் மிச்சம். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, மூன்று நான்கு துவைப்புக்குப் பிறகுதான் தெரியும். அதனால்தான் துணி வாங்கும் வியாபாரி பூதக்கண்ணாடி வைத்து ஒரு அங்குலத்துக்குள் இழைகளை எண்ணுகிறார்.

52 பிக், நிமிடத்துக்கு 150 ஊடை என்றால் ஒரு தறி நிற்காமல் ஓடினாலும் மணிக்கு நாலரை மீட்டர்கூட வராது. அவ்வளவு சத்தத்துக்கும் வேகத்துக்கும் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு எட்டு முழ வேட்டி.

பெட்ஷீட் பெட்டியில் போட்டிருக்கும் திரெட் கவுண்ட் என்பதும் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். ஒரு சதுர அங்குலத்தில் பாவு 60, ஊடை 52 என்றால் கூட்டி 112. சிலர் இரண்டு, மூன்று புரி முறுக்கிய நூலில் ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணி ஆயிரம் என்று போடுகிறார்கள். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், துணியைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

பாதி வேலை தறிக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது

நெசவு பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. என் கணிப்பில் துணியின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது.

ஊடைக்குப் பெரிய கஷ்டம் கிடையாது. தாரிலிருந்து அவிழ்ந்து ஒருமுறை சந்துக்குள் படுத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. பாவு அப்படி இல்லை. பீமிலிருந்து துணியாகும் இடத்துக்கு வந்து சேரும் வரை ஒவ்வொரு நூலும் விழுதின் கண்ணில் ஏறி இறங்கி இழுபடுகிறது, பக்கத்து நூலோடு உரசுகிறது, அச்சின் பற்கள் அதன்மேல் முன்னும் பின்னும் போய் வருகின்றன. அச்சு ஐந்து அங்குலம் போய் வருகிறது, அங்குலத்துக்கு 52 ஊடை என்றால், நூலின் ஒவ்வொரு புள்ளியும் துணிக்குள் நுழைவதற்கு முன் 260 முறை எஃகில் தேய்கிறது. வெறும் பஞ்சு நூல் இதைத் தாங்காது. பிசிறு கிளம்பி, பக்கத்து நூலோடு பின்னி, அறுந்துவிடும். 3,000 நூலில் மணிக்கு நாலைந்து அறுந்தாலே தறி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகமாகத் தெரியும்.

அதற்குத்தான் கஞ்சி. பழைய நெசவூர்களில் விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய பிரஷால் இரு பக்கமும் நடந்து நடந்து நீவிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். விசைத்தறிக்கு இதே வேலையைச் சைசிங் மில் செய்கிறது. மரவள்ளி, மக்காச்சோள மாவுக் கஞ்சி காய்ச்சிய தொட்டியில் பாவை முக்கி, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, சூடான உருளைகள் மேல் ஓட்டிக் காயவைத்து, பீமில் சுற்றுகிறார்கள். நூலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டாகிவிடுகிறது, பிசிறு படிந்துவிடுகிறது. தறியிலிருந்து இறங்கும் துணி விறைப்பாக, பழுப்பாக இருப்பதற்கு இந்தக் கஞ்சியும் ஒரு காரணம். அதைத்தான் காடா துணி என்கிறோம். கஞ்சியைக் கழுவி, வெளுத்து, சாயம் போட்ட பிறகே அது கடைக்கு வருகிறது.

சைசிங்குக்கு முன் வார்ப்பிங் என்று ஒன்று உண்டு. நூல் கூம்பாகச் சுற்றி வரும், அதற்குக் கோன் என்று பெயர். 3,000 கோன் நூலை ஒரே நேரத்தில் மாட்ட இடம் கிடையாது. அதனால் 500 கோன்களை ஒரு பெரிய நிலையில் மாட்டி, 500 நூலையும் இணையாக ஒரு உருளையில் சுற்றுவார்கள். இப்படி ஆறு உருளை. சைசிங்கில் அந்த ஆறும் ஒன்றாகச் சேர்ந்து 3,000 நூல் பீம் ஆகும். ஆயிரம் மீட்டர் நீளப் பாவு என்றால் ஒரு பீமில் இருக்கும் நூல் மொத்தம் 3,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் ஒரு முனையைக் கட்டிவிட்டுப் போனால் டெல்லியைத் தாண்டிவிடும். 40-ஆம் நம்பர் நூலில் இது வெறும் 44 கிலோ.

நம்பர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளச் சிட்டம் எத்தனை கிடைக்கிறதோ அதுதான் நூலின் நம்பர். 40 என்றால் 40 சிட்டம். நம்பர் ஏற ஏற நூல் மெலிதாகும். எண் பெரிதென்றால் நூல் தடிமன் என்று நினைப்பது சரியாகத் தலைகீழ்.

இன்னொன்று, நூறு மீட்டர் பாவு கொடுத்தால் நூறு மீட்டர் துணி வராது. பாவு நேராகப் போகாமல் ஊடைகளுக்கு மேலும் கீழும் அலையாக வளைந்து போகிறது, அந்த வளைவிலேயே ஐந்து முதல் பத்து மீட்டர் வரை போய்விடும். யாரும் திருடவில்லை.

டிசைன் எங்கிருந்து வருகிறது

ஒன்று மேல் ஒன்று கீழ் என்பது சாதா நெசவு. வேட்டி, காடா, பாப்ளின் எல்லாம் இது. ஊடை இரண்டு மூன்று பாவைத் தாண்டிப் போய், அடுத்த வரிசையில் ஒரு நூல் தள்ளித் தொடங்கினால் துணியில் சாய்கோடு விழும். இதற்கு ட்வில் என்று பெயர். உங்கள் ஜீன்ஸைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள், சாய்கோடு தெரியும். பாவு நீலம், ஊடை வெள்ளை, மேல்பக்கத்தில் பாவு அதிகம் தெரிவதால் வெளியே நீலம் உள்ளே வெளுப்பு. இன்னும் நீளமாகத் தாண்ட விட்டால் சாட்டின், வழவழவென்று மின்னும், ஆனால் சீக்கிரம் இழை கிளம்பும். பவானி ஜமக்காளத்தில் தடித்த ஊடையை அடித்து அடித்து நெருக்கியிருப்பதால் பாவே கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கும் நிறம் முழுவதும் ஊடை.

பூவும் மயிலும் வேண்டுமென்றால் இரண்டு விழுதுச் சட்டம் போதாது, ஒவ்வொரு பாவு நூலையும் தனியாகத் தூக்கத் தெரிய வேண்டும். 1804-இல் ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் அட்டையில் ஓட்டை போட்டு இதைச் செய்தார். ஓட்டை இருந்தால் அந்த நூல் ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. காஞ்சிபுரத்துத் தறிகளின் தலைக்கு மேல் தொங்கும் அட்டை மாலை அதுதான்.

நாடாவே இல்லாத தறிகள்

நாடாவின் பிரச்சினை ஒன்றே ஒன்று. ஒரு இழை நூலைக் கொண்டுபோக, அதைவிட எத்தனையோ மடங்கு கனமான கட்டையை அங்கும் இங்கும் எறிய வேண்டியிருக்கிறது. தாரும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் கொண்டுவந்த தறி, ஓட்டத்தை நிறுத்தாமலே தீர்ந்த நாடாவைத் தானாக மாற்றிக்கொண்டது, நூல் அறுந்தால் தானாக நின்றது. டொயோட்டா கார் அந்தத் தறித் தொழிலிலிருந்து பிறந்ததுதான்.

அப்புறம் வந்தவர்கள் கட்டையையே ஒழித்துவிட்டார்கள். 1950-களில் சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் நூல் முனையைக் கவ்விக்கொண்டு பாயும் சின்ன உலோகத் துண்டைக் கொண்டுவந்தது. ரேபியர் தறியில் இரு பக்கமிருந்தும் இரண்டு நீண்ட கைகள் சந்துக்குள் வரும். ஒன்று நூலைப் பாதி தூரம் கொண்டுவர, மற்றது வாங்கிக்கொண்டு போகும். ஏர்ஜெட்டில் காற்றுதான் ஊதித் தள்ளுகிறது, நிமிடத்துக்கு 800 ஊடைகூடப் போகும். திற, எறி, அடி மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன, எறியும் விதம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

துணியைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். நாடாத் தறியில் ஊடை கரையில் திரும்பி மறுபடி உள்ளே வருவதால் கரை மூடி அழகாக இருக்கும். வேட்டியின் ஓரத்தைப் பாருங்கள். நாடா இல்லாத தறியில் ஒவ்வோர் ஊடையும் கரையில் வெட்டப்படுகிறது, அதனால் ஓரம் குஞ்சம் மாதிரி நிற்கும், அல்லது முனையை உள்ளே மடித்துச் செருகியிருப்பார்கள். ஓரத்தில் வரிசையாகச் சின்ன ஊசித்துளைகள் தெரிந்தால், அது துணி அகலத்தில் சுருங்காமல் இரு கரையையும் பிடித்திழுத்த முள் உருளையின் தடம்.

அப்படியானால் கைத்தறி எது, விசைத்தறி எது?

ஆள் பலத்தில் ஓடினால் கைத்தறி, மின்விசையில் ஓடினால் விசைத்தறி. நூல் எது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சோமனூர், பல்லடம் விசைத்தறிகளில் ஓடியது பெரும்பாலும் பருத்திதான். கைத்தறியிலும் செயற்கைப் பட்டு நெய்கிறார்கள். விசைத்தறித் துணி என்றாலே மட்டம் என்பதும் சரியில்லை. ஒரே நூல், ஒரே பிக், நல்ல பாவு என்றால் விசைத்தறித் துணி ஒரே சீராக இருக்கும். கைத்தறிக்கு உரிய இடம் வேறு. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், மூன்று நாடாவை மாற்றி மாற்றி விட்டு, இணையும் இடத்தில் ஊடைகளை ஒன்றோடொன்று கோத்து நெய்யும் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நெசவாளரும் பக்கத்தில் ஒரு துணையும் ஒவ்வோர் ஊடைக்கும் நின்று செய்யும் வேலை அது. விலையைப் பேசும்போது அந்த இரண்டு ஆளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பாவு தீர்ந்தால்

பீமில் பாவு முடியும்போது கடைசி நூலை வெளியே இழுத்துவிட மாட்டார்கள். விழுதிலும் அச்சிலும் மாட்டியபடி பழைய பாவின் வாலை அப்படியே விட்டுவிட்டு, புது பீமை ஏற்றி, பழைய நூல் ஒன்றோடு புது நூல் ஒன்று என்று 3,000-ஐயும் பிணைப்பார்கள். பாவு பிணைப்பது என்றும் அச்சுப் பிணைப்பது என்றும் சொல்வார்கள். பெரிய மில்களில் இதற்கு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் முடிச்சுப் போடும் இயந்திரம் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தறிக்கு ஒரு பெரியவர் வருவார். தறிக்குப் பின்னால் பலகை போட்டு உட்கார்ந்து, விரலில் கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொண்டு, இரண்டு முனையைச் சேர்த்து ஒரு உருட்டு உருட்டுவார், நூல் ஒட்டிவிடும். கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும், வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், விரல் மட்டும் அடுத்த நூலை எடுத்துக்கொண்டே இருக்கும். அன்று முழுவதும் அந்தத் தறி மட்டும் அமைதியாக இருக்கும். கடைசி நூலையும் உருட்டி முடித்து, பாவை மெதுவாக முன்னால் இழுத்து, 3,000 இணைப்பும் அறுந்துபோகாமல் விழுதையும் அச்சையும் தாண்டி வந்துவிட்டதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் மோட்டாரைப் போடச் சொல்வார்.